வீட்டு மேசையில் மணி உருட்டலாம். அம்மாவின் கேக் ஓவனில் மட்டும் வேண்டாம்

சிகாமட் - தீபாவளி நெருங்கும்போது நம் பட்டணத்துக் கடைகளில் புடவை, பலகாரம், பட்டாசு விளக்கு ஆகியவற்றுக்கு நடுவே இப்போது இன்னொரு சாமானையும் பார்க்கலாம். சின்னச் சின்னப் பூப்போட்ட மணிகள், அந்த மணிகளைக் கோர்த்த தோடுகள், சேலையின் கரை நிறத்துக்கு ஏற்ற மாலைகள். கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்காது, கண்ணாடி மாதிரி குளிராது. கேட்டால், "பாலிமர் கிளே, வீட்டிலேயே செய்தது" என்பார்கள்.

வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்க வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் நம் தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் நிறைய பேர். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் மூன்று, நான்கு மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. இயங்கலையில் காணொளிகளுக்கும் குறைவில்லை. அந்தக் காணொளிகள் பெரும்பாலும் மணியின் அழகைக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. ஓவனுக்குள் என்ன நடக்கிறது, ஒரு ஜோடித் தோட்டை என்ன விலைக்கு விற்றால் கை நஷ்டப்படாது என்ற இரண்டையும் அவை சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அவற்றுக்காக எழுதியது. நானே வீட்டில் செய்து, கெடுத்து, மறுபடியும் செய்து பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

பெயர்தான் களிமண்

முதலில் ஒரு தெளிவு. பாலிமர் களிமண்ணில் மண் கிடையாது. அது பிவிசி என்ற பிளாஸ்டிக். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்கிறது, இது மாவு மாதிரி குழைகிறது. பிளாஸ்டிக்கை இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளும் நிறப்பொடியும் இதில் கலந்திருப்பதே காரணம். சூடேறும்போது பிவிசித் துகள்கள் அந்த இளக்கியை உறிஞ்சிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு மாவு திடப்பொருளாகிவிடும். சாதாரணக் களிமண் காற்றில் காயும், இது காயாது. மூடி வைத்தால் மாதக்கணக்கில் மென்மையாகவே இருக்கும். இறுக வைப்பது சூடு ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் புகழ்பெற்ற சுடுமண் நகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுடுமண் நகை உண்மையான மண். அதைச் சுடச் சில நூறு பாகை வெப்பம் கொண்ட சூளை வேண்டும். பாலிமர் களிமண்ணுக்கு 110 முதல் 130 பாகை செல்சியஸ் போதும், அதாவது நாம் கேக் சுடும் சூட்டைவிடக் குறைவு. அதனால்தான் இது வீட்டு வேலையாக முடிகிறது. அதனால்தான் ஆபத்தும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "இயற்கைக் களிமண்ணில் செய்தது" என்று எழுதி யாராவது இதை விற்றால் அது தவறு. நீங்கள் விற்கும்போதும் அப்படி எழுதாதீர்கள்.

இந்தப் பொருளின் பிறப்பு ஜெர்மனியில். கேத்தே குரூஸே என்ற புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளரின் குடும்பத்தில் பொம்மைத் தலை செய்ய ஒரு புதுப் பிளாஸ்டிக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். பொம்மைக்கு அது சரிப்படவில்லை. அவருடைய மகள் அதைக் கைவினைக்கு ஏற்றதாக மாற்றினார். அவருடைய செல்லப்பெயர் ஃபிஃபி. 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று கடைகளில் நாம் பார்க்கும் ஃபீமோ அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்கல்பி என்ற பெயரில் இன்னொன்று வந்தது. நம் நாட்டில் இயங்கலையில் தேடினால் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களும், பெயரில்லாத மலிவுக் கட்டிகளும் கிடைக்கும்.

மணி நமக்குப் புதிதல்ல

பாசி, மணி, காழ் என்று மணிக்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணலில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கல்மணி செய்த தொழிற்கூடங்களின் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை உள்ளே வெற்றிடமுள்ள நீண்ட குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். துளை தானாகவே வந்துவிடும். இதே வகை மணிகள் கெடாவின் சுங்கை மாஸ், பேராவின் கோலசெலின்சிங் ஆகிய இடங்களிலும் கிடைத்துள்ளன. கடல் கடந்து வந்த தொழில் இது.

இன்றும் சரவாக்கின் லாவாஸ் வட்டாரத்தில் லுன் பாவாங் மக்கள் உண்மையான களிமண்ணில் மணி உருட்டி, நிறம் தீட்டி, சூளையில் சுட்டு விற்கிறார்கள். மணியை வைத்துப் பிழைக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

பழைய காலத்தில் மணி செய்பவருக்குப் பெரிய தலைவலி துளை. கல்லில் துளை போட நாட்கணக்கில் உழைக்க வேண்டும். பாலிமர் களிமண்ணில் ஒரு சாத்தே குச்சி போதும்.

என்னென்ன வேண்டும்

களிமண் கட்டி ஒன்று பொதுவாக 57 கிராம் இருக்கும். 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மணிக்கு ஏறக்குறைய 1 கிராம் செலவாகும். ஆக ஒரு கட்டியில் 50 மணிக்கு மேல் வரும். தொடங்குபவருக்கு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் என ஐந்து கட்டி போதும். மற்ற நிறங்களைக் கலந்து பெறலாம்.

வேலை செய்ய ஒரு வழவழப்பான டைல்ஸ் துண்டு வேண்டும். வார்னிஷ் பூசிய மேசைமேல் பச்சைக் களிமண்ணை வைக்காதீர்கள். அதிலுள்ள இளக்கி மேசையில் கறை போட்டுவிடும். டைல்ஸில் வைத்தால் அப்படியே ஓவனுக்குள்ளும் தூக்கி வைக்கலாம். தேய்க்க ஒரு சப்பாத்திக்கட்டை, நறுக்க ஒரு மெல்லிய பிளேடு, துளையிட ஊசியும் சாத்தே குச்சியும், கொஞ்சம் சோள மாவு, அலுமினியத் தாள், ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி. இவ்வளவுதான்.

இவற்றில் எது களிமண்ணைத் தொட்டதோ அது மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. சப்பாத்திக்கட்டைக்கு ஒரு பழையதை ஒதுக்கிவிடுங்கள். கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமே என்று கேட்காதீர்கள். மரக்கட்டையின் நுண்துளைக்குள் போன பிளாஸ்டிக் எண்ணெய் கழுவினால் போகாது.

மிச்சக் களிமண்ணை எதில் வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்று இருந்தால் நல்லது. 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரின். களிமண் அதை அரித்து ஒட்டிக்கொள்ளும். நான் முதலில் வைத்தது தெளிவான கண்ணாடி மாதிரி இருந்த ஒரு மணி டப்பாவில். இரண்டு வாரத்தில் டப்பாவின் அடிப்பகுதியே பிசுபிசுத்துப் போனது.

நம் ஊர் வெயிலும் ஒரு சங்கதி. இயங்கலையில் வாங்கிய பொட்டலத்தை அஞ்சல்காரர் கேட்டருகே வைத்துவிட்டுப் போய், அது மதியம் முழுவதும் வெயிலில் கிடந்தால், களிமண் உள்ளுக்குள்ளேயே பாதி வெந்துவிடும். பிசைந்தால் உதிரும். காருக்குள் விட்டாலும் இதே கதைதான். வந்தவுடன் எடுத்து நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

பிசைவது, உருட்டுவது, துளையிடுவது

கட்டியைப் பிரித்ததும் உருட்டத் தொடங்கிவிடக் கூடாது. சிறு துண்டுகளாக்கி ஐந்திலிருந்து பத்து நிமிடம் பிசைய வேண்டும். இளக்கி எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவுவதற்காகத்தான் பிசைவது. சரியாகப் பிசைந்ததா என்று பார்க்க ஒரு சின்னத் திரியாக உருட்டி மடக்குங்கள். வெடிக்காமல் மடங்கினால் சரி. பிசையும்போது மடித்து மடித்து அழுத்தினால் காற்றுக்குமிழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். சுடும்போது அது கொப்புளமாக வெளியே தெரியும். எப்போதும் மடிப்புப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அழுத்துங்கள்.

வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடியுங்கள். சிவப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்டால் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே ஈரத் துடைப்பானால் கையைத் துடையுங்கள். துணி நூல், பூனை முடி, தலைமுடி எல்லாவற்றையும் வெள்ளைக் களிமண் இழுத்துக்கொள்ளும்.

மணிகள் ஒரே அளவில் வர, கண் அளவை நம்பாதீர்கள். களிமண்ணை ஒரே தடிப்பில் தேய்த்து, மூடி ஒன்றால் வட்டம் வட்டமாக வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே அளவு களிமண் இருக்கும். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே, முதலில் கொஞ்சம் அழுத்தி, போகப் போக அழுத்தத்தைக் குறைத்து உருட்டுங்கள். உளுந்து உருண்டை பிடித்த கைக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. கைரேகை விழுந்தால் விரலில் துளி சோள மாவு தொட்டுத் தடவினால் மறையும்.

உருட்டியவுடன் துளையிட்டால் மணி நசுங்கும். நம் ஊர் உஷ்ணத்தில் கைச்சூடே களிமண்ணை இளக்கிவிடுகிறது. மணிகளை மூடிய டப்பாவில் போட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் ஐஸ்பெட்டியில் வையுங்கள். பிறகு மெல்லிய ஊசியை அழுத்தாமல், திருகித் திருகி உள்ளே விடுங்கள். மறுபக்கம் முனை தெரிந்ததும் நிறுத்தி, ஊசியை வெளியே எடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப விடுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் கிழிந்து மேடாகிவிடும். அதன் பிறகு சாத்தே குச்சியால் துளையைத் தேவையான அளவுக்கு அகலப்படுத்தலாம்.

பூப்போட்ட மணி எப்படி வருகிறது

பலரும் வியப்பது பூ மணிகளைப் பார்த்துத்தான். அதில் தூரிகை வேலை எதுவும் கிடையாது. இத்தாலியக் கண்ணாடிக் கைவினைஞர்களிடமிருந்து வந்த உத்தி அது. வெவ்வேறு நிறக் களிமண் திரிகளை ஒன்றாக அடுக்கி ஒரு பெரிய உருளை செய்கிறார்கள். நடுவில் மஞ்சள் திரி, சுற்றிலும் ஐந்து சிவப்புத் திரி, இடைவெளியில் வெள்ளை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பூ. இந்த உருளையை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி நீட்டினால், உள்ளே இருக்கும் பூவும் அதே வடிவில் சிறிதாகும். பிறகு மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெற்று மணியின்மேல் ஒட்டி உருட்டினால் பூ மணி தயார். ஒரு உருளையிலிருந்து ஒரே மாதிரியான நூறு பூக்கள் கிடைக்கும்.

உருளையை நறுக்குவதற்கு முன்னும் ஐஸ்பெட்டியில் வைத்து இறுக விடுங்கள். வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கொஞ்சம் திருப்புங்கள். இல்லையென்றால் பூ ஒரு பக்கமாக நசுங்கிவிடும்.

இனி ஓவன்

எங்கள் வீட்டில் ஓர் ஓவன்தான். அம்மா முன்பு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டணத்துக்கு வந்த பிறகு கேக்கும் பிஸ்கட்டும் சுட்டு விற்கிறார். தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் பெருநாள் என்று மூன்று பெருநாளுக்கும் அந்த ஓவன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. என் முதல் தட்டு மணிகளை எடுத்துக்கொண்டு போனபோது அம்மா அடுப்பங்கரையில் வழி மறித்து நின்றார்.

"இதுல சுட்டுத்தான் நாலு பேருக்கு விக்கிறேன். உன் பிளாஸ்டிக்க இதுல வைக்காத."

எனக்குக் கோபம்தான் வந்தது. தயாரிப்பாளர்களே வீட்டு ஓவனில் சுடலாம் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறார்களே என்று வாதாடினேன். போட்டிருப்பது உண்மைதான். சரியான சூட்டில், சன்னலைத் திறந்து வைத்து, உணவோடு சேர்க்காமல் சுட்டால் பெரிய கேடு இல்லை. ஆனால் "சரியான சூட்டில்" என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

பிவிசி அளவுக்கு மீறிச் சூடானால் சிதையத் தொடங்கும். முதலில் பழுப்பாகும், பிறகு கருகும். கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு வெளியாகும். கண்ணும் தொண்டையும் எரியும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது இன்னும் மோசம். இளக்கியின் ஆவியும் ஓவனின் உட்சுவரில் படியும். அடுத்த நாள் அதே ஓவனில் 180 பாகையில் கேக் வைத்தால் அந்தப் படிவும் சூடாகும். சாப்பாடு விற்பவருடைய ஓவனில் இந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுக்கக் கூடாது. அம்மா சொன்னதுதான் சரி.

பிறகு ஒரு சின்ன டோஸ்டர் ஓவன் வாங்கினேன். முதல் தட்டு கருகியது. குமிழை 130இல் வைத்து, அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் வெள்ளை மணிகளெல்லாம் டீத்தண்ணி நிறம். வீடு முழுக்கக் காரமான நெடி. அதன் பிறகுதான் தனி வெப்பமானி வாங்கி உள்ளே வைத்தேன். குமிழ் 130 என்று சொன்ன நேரத்தில் உள்ளே 160ஐத் தாண்டியிருந்தது. சின்ன ஓவனில் சூட்டுக்கம்பி மிக அருகில் இருப்பதால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குமிழின் எண்ணை நம்பக் கூடாது. விலை குறைந்த அந்த வெப்பமானிதான் இந்த வேலையில் மிக முக்கியமான கருவி.

சுடும் முறை இதுதான்:

முதலில் பொட்டலத்தைப் படியுங்கள். ஃபீமோவின் மென்மையான வகைக்கு 110 பாகை, 30 நிமிடம். ஸ்கல்பி வகைகளுக்கு 130 பாகையை ஒட்டி, 6 மில்லிமீட்டர் தடிப்புக்கு 15 நிமிடம் என்று போட்டிருக்கும். இரண்டு வகைகளையும் ஒரே மணியில் கலந்தால் எந்தச் சூடு என்பதே குழப்பமாகிவிடும். தொடக்கத்தில் ஒரே வகையில் நில்லுங்கள்.

ஓவனை முதலில் சூடாக்கி, வெப்பமானி சரியான எண்ணில் நிலைத்து நின்ற பிறகு மணிகளை வையுங்கள். டைல்ஸ்மேல் வெறுமனே வைத்தால் மணியின் அடி தட்டையாகிப் பளபளக்கும். தட்டில் சோள மாவைப் பரப்பி அதன்மேல் மணிகளைப் பதியுங்கள். மாவு மணியில் ஒட்டினால் பிறகு கழுவினால் போய்விடும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடுங்கள். சூட்டுக்கம்பியின் நேரடி வெப்பம் படாமல் அது காக்கும்.

சன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துவரப் போகிற நேரத்தில் ஓவனை ஏற்றாதீர்கள். நெடி வந்தால் உடனே விசையை அணைத்து, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். கூண்டில் பறவை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். கருகிய தட்டை வெளியே எடுக்க அவசரப்பட வேண்டாம்.

மைக்ரோவேவில் சுடவே கூடாது. ஏர் ஃபிரையரும் வேண்டாம். அதன் கூடை சிறியது, சூட்டுக்கம்பி மிக அருகில், காற்று வேகமாக வீசும், நாளைக்கு அதே கூடையில் கோழி பொரிப்போம். தனி ஓவன் வாங்க முடியாதவர்கள் வீட்டு ஓவனில்தான் சுட வேண்டும் என்றால், இரண்டு அலுமினியத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, ஓரங்களைக் கிளிப்பால் இறுக்கி, அதற்குள் சுடுங்கள். முடிந்ததும் ஆறவிட்டு உட்புறத்தைத் துடையுங்கள். ஆனால் அந்த ஓவனில் சுட்ட உணவை நீங்கள் பிறருக்கு விற்கிறீர்கள் என்றால், அது வேண்டவே வேண்டாம்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்

ஓவனிலிருந்து எடுத்ததும் மணி கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். ஆறிய பிறகே முழுதாக இறுகும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பட்டைத் துண்டையும் சேர்த்துச் சுடுங்கள். ஆறியதும் அதை மெதுவாக வளையுங்கள். வளைந்து நிமிர்ந்தால் வெந்துவிட்டது. பிஸ்கட் மாதிரி 'டக்' என்று உடைந்தால் வேகவில்லை. பயப்பட வேண்டாம், அதே சூட்டில் மறுபடி சுடலாம். சூட்டைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். வேகாத மணி பார்வைக்கு வெந்த மணி மாதிரியே இருக்கும். வாங்கியவர் வீட்டில் கீழே விழும்போதுதான் குட்டு உடையும்.

மெருகேற்ற, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். 400 எண்ணில் தொடங்கி 600, 800, 1000 என்று போகலாம். எண் கூடக் கூடத் தாள் மிருதுவாகும். ஈரத்தில் தேய்ப்பதால் தூள் மூக்குக்குள் போகாது. தேய்த்த தண்ணீரில் இருப்பது பிளாஸ்டிக் தூள். அதைக் கால்வாயில் ஊற்றாமல் ஒரு நாள் வைத்து, தூள் அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, தூளைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் தேய்த்தாலே நல்ல பளபளப்பு வரும்.

பளபளப்புக்காக நகப்பூச்சு பூசுபவர்கள் உண்டு. பூசாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கி, சில வாரங்களில் மணி பிசுபிசுக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் போதும். தோட்டுக் கொக்கிக்கு நிக்கல் கலந்த மலிவுக் கம்பியைத் தவிர்த்து, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியை வாங்குங்கள். நிக்கல் பலருக்குக் காதில் புண் வர வைக்கும். சின்னப் பிள்ளைகள் வாயில் போடும் வயதில் வீட்டில் இருந்தால் மணிகளையும் பச்சைக் களிமண்ணையும் எட்டாத இடத்தில் வையுங்கள். வேலை முடித்துச் சாப்பிடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய்?

நான் முதன்முதலில் விற்பனைக்கென்று இருபது ஜோடித் தோடு செய்து முடித்தபோது, ஜோடி 8 வெள்ளி என்று விலை வைத்தேன். களிமண்ணுக்கு ஜோடிக்கு ஒன்றரை வெள்ளிதானே ஆனது, மிச்சமெல்லாம் லாபம் என்று நினைத்தேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன மணி நேரம் ஒக்காந்த?"

நிறுத்துக் கொடுத்த பாலுக்குக் கூலி வாங்கிப் பழகியவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விலைகள் கடைக்குக் கடை மாறும். நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மட்டும் முக்கியம்.

களிமண் கட்டி 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இருபது ஜோடிக்கு இரண்டு கட்டி, 30 வெள்ளி. மின்சாரத்துக்கு 1 வெள்ளி. ஆறு மணி நேர வேலை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. ஆறு மணி நேரத்துக்கு 49 வெள்ளி. இதுவரை 80 வெள்ளி. இருபதில் இரண்டு ஜோடி எப்படியும் கெடும், மிஞ்சுவது பதினெட்டு. கொக்கி, அட்டை, பை ஆகியவற்றுக்கு ஜோடிக்கு ஒன்றரை வெள்ளி, மொத்தம் 27. ஆக 107 வெள்ளி. பதினெட்டால் வகுத்தால் ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 6 வெள்ளி. சந்தையில் ஓர் இரவுக் கடைக்கு 40 வெள்ளி வாடகை கொடுத்து, பத்து ஜோடி விற்றால், ஜோடிக்கு இன்னொரு 4 வெள்ளி. ஆகமொத்தம் 10 வெள்ளி. அது அடக்க விலைதான், லாபம் இன்னும் தொடங்கவே இல்லை.

8 வெள்ளிக்கு விற்றிருந்தால்? பதினெட்டு ஜோடிக்கு 144 வெள்ளி வரும். சாமான், மின்சாரம், கொக்கி, கடை வாடகை எல்லாம் போக 14 வெள்ளி மிஞ்சும். ஆறு மணி நேரத்துக்கு 14 வெள்ளி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி 33 காசு. கடையில் உட்கார்ந்த நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. கையில் 144 வெள்ளி இருப்பதால் லாபம் மாதிரி தெரியும். உண்மையில் நம் கூலியை நாமே தின்றிருப்போம். பக்கத்துக் கடைக்காரர் 8க்கு விற்கிறார் என்பதற்காக நாமும் 8க்கு விற்றால் இரண்டு பேருமே நஷ்டத்தில் இருக்கிறோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு உருளையிலிருந்து நூறு பூ கிடைக்கும் என்று மேலே சொன்னேன். அப்படி மொத்தமாகச் செய்தால் ஒரு ஜோடிக்கு ஆகும் நேரம் குறையும். கடை வாடகை இல்லாமல், புலனத்தில் சேலையின் படத்தை அனுப்பச் சொல்லி, அந்த நிறத்துக்கே செய்துகொடுத்தால் 15 வெள்ளிக்கும் வாங்குவார்கள். தொழிற்சாலை மணி தர முடியாதது அந்த நிறப் பொருத்தம்தான்.

தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் தொழில் செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளி, தனி வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இயங்கலையிலேயே செய்யலாம். இந்தியத் தொழில்முனைவர்களுக்குத் தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி கடனுதவித் திட்டம் இருக்கிறது. ஆனால் மணி செய்யத் தொடங்க யாரும் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து கட்டிக் களிமண், ஒரு வெப்பமானி, ஒரு சின்ன ஓவன். முதல் ஐம்பது மணி விற்ற பிறகு அடுத்ததை யோசிக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஓவன். பெரியது அடுப்பங்கரையில், சின்னது பின்வாசல் ஐந்தடியில். போன வாரம் அம்மா கேக் ஆர்டர் கொடுக்கப் போகும்போது, என் மணித் தோட்டில் ஒரு ஜோடியைக் காதில் மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மூன்று ஜோடிக்கு ஆர்டர் இருந்தது. விலை என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பதினஞ்சு," என்றார். "கூலியோட."